நடுத்தரத் தொழிலும் தனியார் நிதிக் கடனும்

பொருளாதாரத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நாம் இருவரையே நினைவுகூர்கிறோம். ஒருவர் பெருந்தொழில் நடத்தும் முதலாளி. மற்றவர் சிறு வியாபாரி. முன்னவருக்குக் கடன் கொடுக்கப் பாங்குகள் போட்டியிடுகின்றன. பின்னவருக்குக் கடன் கிடைக்கச் செய்வது அரசாங்கத்தின் பொறுப்பு என்பதை அனைவரும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இவ்விருவருக்கும் நடுவே ஒருவர் நிற்கிறார். சலுகை கேட்கும் அளவுக்கு அவர் சிறியவர் அல்லர். தம் பெயரைச் சொல்லிச் சந்தையில் பணம் திரட்டும் அளவுக்குப் பெரியவரும் அல்லர். அவருடைய கடன் தேவையைப் பற்றியும், அதை நிறைவேற்றுவதற்கென அண்மைக் காலத்தில் வளர்ந்துள்ள ஓர் ஏற்பாட்டைப் பற்றியும் இன்று சிறிது ஆராய்வோம்.

நடுத்தரத் தொழில் என்பது எது? நம் நாட்டில் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள வரையறைப்படி, சிறுதொழிலின் எல்லையைக் கடந்து, இயந்திர தளவாடங்களில் 125 கோடி ரூபாய்க்கு மேற்படாத முதலீடும், 500 கோடி ரூபாய்க்கு மேற்படாத ஆண்டு விற்பனையும் உடையதே நடுத்தரத் தொழிலாகும். அமெரிக்காவில் இதற்குச் சட்ட வரையறை இல்லை. ஆயினும் ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் முதல் நூறு கோடி டாலர் வரை வருவாயுள்ள கம்பெனிகளை அங்கு இப்பெயரால் குறிப்பது வழக்கம். அத்தகைய கம்பெனிகள் அந்நாட்டில் ஏறத்தாழ இரண்டு லட்சம் இருக்கின்றன. தனியார் துறை உற்பத்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அவற்றால் கிடைக்கிறது. ஆகவே நடுத்தரம் என்ற சொல்லைக் கேட்டு இது சிறிய விஷயம் என்று எண்ணிவிடலாகாது.

இவர்களுக்குக் கடன் கிடைப்பதில் என்ன இடர்ப்பாடு? ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ராஜ்கோட் நகரில் மோட்டார் உறுப்புகளுக்கான வார்ப்படம் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. ஆண்டு விற்பனை 300 கோடி ரூபாய். பெரிய மோட்டார் கம்பெனி ஒன்று அதன் அதிபரை அழைத்து, "உற்பத்தியை இரு மடங்காக்குங்கள், முழுவதையும் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்" என்கிறது. புதிய உலைக்கும் இயந்திரங்களுக்கும் 40 கோடி ரூபாய் வேண்டும். அதிபர் தம் பாங்குக்குச் செல்கிறார். நிலம், கட்டடம், பழைய இயந்திரங்கள் யாவும் நடைமுறை மூலதனக் கடனுக்கு முன்னரே ஈடாக இருக்கின்றன. "மேற்கொண்டு ஈடு என்ன இருக்கிறது?" என்று மானேஜர் கேட்கிறார். கையில் இருப்பது மோட்டார் கம்பெனியின் ஆர்டர் ஒன்றே, அது ஈடாகாது. கடன் பத்திரம் வெளியிடலாமா என்றால், அந்தச் சந்தையில் மிக உயர்ந்த தரச்சான்று பெற்ற கம்பெனிகளின் பத்திரங்களே பெரும்பாலும் விலைபோகின்றன. பங்குகளை விற்கலாமா என்றால், தந்தை தொடங்கிய தொழிலின் உரிமை பிறர் கைக்குப் போய்விடும்.

அவருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. விற்ற சரக்குக்குப் பணம் உரிய காலத்தில் வந்து சேருவதில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டம், வாங்கியவர் 45 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் பாங்கின் வட்டி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி கொடுக்க வேண்டும் என்றும் விதித்துள்ளது. ஆனால் இப்பாதுகாப்பு குறுந்தொழிலுக்கும் சிறுதொழிலுக்குமே உரியது. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் வருமான வரிச் சட்டத்தின் வாயிலாக அமலுக்கு வந்த நெருக்குதலும் அவ்விரு வகையினருக்காகவே ஏற்பட்டது. ஆகவே ஒருவர் உழைத்து வளர்ந்து நடுத்தர நிலையை எட்டும் நாளிலேயே இந்தக் கேடயத்தை இழந்துவிடுகிறார். வளர்ச்சிக்கு இது ஒரு விசித்திரமான வெகுமதி அல்லவா?

முற்காலத்தில் இந்த இடைவெளி இந்த அளவு பெரிதாக இல்லை. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே, 1948இல், தொழில்களுக்கு நீண்ட காலக் கடன் வழங்குவதற்கென இந்தியத் தொழில் நிதிக் கார்ப்பொரேஷன் நிறுவப்பட்டது. 1955இல் ஐ.சி.ஐ.சி.ஐ. ஸ்தாபனமும், 1964இல் இந்தியத் தொழில் வளர்ச்சி பாங்கும் தோன்றின. பத்து, பன்னிரண்டு ஆண்டுத் தவணையில் கடன் கொடுத்து, தொழில் காலூன்றும் வரை பொறுத்திருப்பதே இவற்றின் நோக்கம். காலப்போக்கில் இவற்றுக்குச் சலுகை வட்டியில் பணம் கிடைப்பது நின்றது. 2002இல் ஐ.சி.ஐ.சி.ஐ. தன் பாங்கோடு இணைந்தது. 2004இல் தொழில் வளர்ச்சி பாங்கும் வர்த்தகப் பாங்காக மாறியது. மக்களிடம் குறுகிய காலத்துக்குப் பெற்ற வைப்புப் பணத்திலிருந்து நீண்ட காலத் தொழிற்கடன் வழங்கும் பொறுப்பு, வர்த்தகப் பாங்குகளின் தோளில் விழுந்தது.

அதன் விளைவை நாம் அறிவோம். 2015இல் ரிசர்வ் பாங்கு பாங்குகளின் பேரேடுகளை நுணுகி ஆராயத் தொடங்கியது. மறைந்து கிடந்த வாராக் கடன் வெளிப்பட்டது. 2018ஆம் ஆண்டு மார்ச்சில், பாங்குகள் கொடுத்த நூறு ரூபாயில் பதினொரு ரூபாய்க்கு மேல் வாராக் கடனாக நின்றது. பாங்குகள் கையை இழுத்துக்கொண்டன. அவ்விடத்தை நிரப்ப முன்வந்த பாங்கல்லாத நிதிக் கம்பெனிகளுக்கும் அவ்வாண்டு செப்டம்பரிலேயே சோதனை வந்தது, ஐ.எல்.எஃப்.எஸ். என்னும் பெரிய ஸ்தாபனம் கடன் தவணைகளைச் செலுத்த இயலாமல் தவறியது. மூன்றாவது வழியாக இருந்தவை, நடுத்தரக் கம்பெனிகளின் கடன் பத்திரங்களை வாங்கிவந்த பரஸ்பர நிதிகள். 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஸ்தாபனம் இத்தகைய ஆறு நிதிகளை ஒரே நாளில் மூடியது. ஏறத்தாழ 25 ஆயிரம் கோடி ரூபாய் முதலீட்டாளர்களுக்கு உடனே கிடைக்காமல் முடங்கியது. ஐந்தே ஆண்டுகளில் மூன்று கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்பட்டன. திறந்திருந்த நான்காவது கதவுதான் மேல்நாட்டார் 'பிரைவேட் கிரெடிட்' என்று வழங்கும் தனியார் நிதிக் கடன்.

இதன் தாயகம் அமெரிக்கா. நடுத்தரக் கம்பெனிகளில் முதலீடு செய்வதற்கென ஒரு புதுவகை முதலீட்டுக் கம்பெனிக்கு 1980ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுச் சட்டசபை வழிசெய்தது. எனினும் இம்முறை பெருவளர்ச்சி கண்டது 2008ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின்னர்தான். பாங்குகள் கூடுதல் மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்ற விதிகள் வந்தன. ஆண்டு லாபத்தைப் போல் ஆறு மடங்குக்கு மேல் கடன் சுமந்த கம்பெனிகளுக்குப் பாங்குகள் மேலும் கடன் கொடுப்பது கவலைக்குரியது என்று 2013இல் மேற்பார்வை அதிகாரிகள் எச்சரித்தனர். பாங்குகள் விலகிய இடத்தில் தனியார் நிதிகள் புகுந்தன. சர்வதேச நாணய நிதியம் 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023இல் உலகெங்கும் இவ்வகை நிதிகளின் அளவு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் கோடி டாலரைக் கடந்திருந்தது. அதில் நான்கில் மூன்று பங்கு அமெரிக்காவைச் சேர்ந்தது.

இதன் செயல்முறை எளிமையானது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், ஓய்வூதிய நிதிகள், செல்வந்தர்கள் முதலியோரிடம் நிர்வாகி ஒருவர் பணம் திரட்டுகிறார். ஐந்து, ஏழு ஆண்டுகளுக்கு அதைத் திருப்பிக் கேட்பதில்லை என்று அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். அப்பணத்தை அவர் கம்பெனிகளுக்கு நேரடியாகக் கடனாகக் கொடுக்கிறார். கடன் பத்திரம் கைமாறுவதில்லை. நாள்தோறும் அதற்கு விலை கூறுவாரும் இல்லை. கொடுத்தவரே தவணை முடியும் வரை வைத்திருக்கிறார். வட்டி பெரும்பாலும் சந்தை விகிதத்தையொட்டி ஏறி இறங்கும்.

நம் நாட்டில் இதற்குச் சட்ட வடிவம் அளித்தவை செபி 2012ஆம் ஆண்டு வகுத்த மாற்று முதலீட்டு நிதி விதிகளாகும். அவற்றின்படி பொதுவாக ஒரு கோடி ரூபாய்க்குக் குறைவாக ஒருவர் முதலீடு செய்ய முடியாது. ஒரு திட்டத்தில் ஆயிரம் பேருக்கு மேல் சேரவும் முடியாது. 2016ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டம், கடன் கொடுத்தவருக்கு வசூல் செய்யும் வலிமையைத் தந்தது. வர்த்தகப் பாங்குகள் நெடுங்காலமாக ஒதுங்கியிருந்த சில துறைகளும் இந்நிதிகளுக்கு வாய்ப்பளித்தன. ஒரு கம்பெனி மற்றொன்றை விலைக்கு வாங்குவதற்கான கடன் அவற்றுள் ஒன்று. அத்தடையைத் தளர்த்தப்போவதாக 2025 அக்டோபரில்தான் ரிசர்வ் பாங்கு அறிவித்தது. தனியார் கட்டட நிபுணர்கள் நிலம் வாங்குவதற்கான கடன் மற்றொன்று.

இனி இதன் நன்மைகளைப் பார்ப்போம். நம் ராஜ்கோட் அதிபருக்கு முதல் நன்மை விரைவு. பாங்கில் பல படிகளைக் கடக்க வேண்டிய விண்ணப்பம் இங்கே ஒரே மேஜையில் தீர்மானமாகிறது. இரண்டாவது நன்மை, கடனைத் தொழிலின் உருவுக்கேற்பத் தைத்துக்கொள்ளலாம். உலை எரியத் தொடங்கும் வரை வட்டியைத் தள்ளிவைக்கலாம். நிலத்தை மட்டும் பாராமல் வரவிருக்கும் வருவாயைப் பார்த்துக் கடன் கொடுக்கலாம். மூன்றாவது நன்மை நாட்டுக்கு உரியது. பாங்கில் வைப்பாளர் எந்நேரமும் வந்து பணம் கேட்கலாம். 2020இல் மூடப்பட்ட நிதிகளிலும் முதலீட்டாளர் எந்நாளும் வெளியேறலாம் என்ற ஏற்பாடு இருந்தது. கொடுத்த கடனோ பல ஆண்டுக் கடன். இந்தப் பொருத்தமின்மையே விபத்துக்குக் காரணமாயிற்று. தனியார் நிதியில் பணம் போட்டவரும் காத்திருக்கிறார், பெற்றவரும் காத்திருக்கிறார். நஷ்டம் நேர்ந்தால் அதைத் தாங்குபவர் தெரிந்தே வந்த செல்வந்தர். சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் சாமானியர் அல்லர். ஏற்பாடு இந்த வரம்புக்குள் நிற்கும்வரை இதைக் குறைகூற இடமில்லை.

ஆனால் நன்மைக்கு விலை உண்டு. பாங்குகள் பத்துச் சதவீதத்தை ஒட்டிக் கொடுக்கும் இடத்தில், இங்கே வட்டி பதினான்கு, பதினாறு எனத் தொடங்கி, சில வேளைகளில் இருபதையும் தாண்டுகிறது. இதைவிட நுட்பமான ஓர் ஆபத்தும் இருக்கிறது. வட்டியைப் பணமாகச் செலுத்தாமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போகலாம் என்ற நிபந்தனை இக்கடன்களில் அடிக்கடி காணப்படுகிறது. கேட்பதற்கு இனிமையானது. கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். 40 கோடி ரூபாய்க்குப் பதினாறு சதவீத வட்டியை ஆண்டுதோறும் அசலில் சேர்த்தால், மூன்றாண்டு முடிவில் கடன் 62 கோடியைத் தாண்டிவிடும். உலை திட்டமிட்டபடி எரிந்தால் அதிபர் தப்பினார். ஓராண்டு தாமதமானால், எந்தப் பங்குகளை விற்க மனமின்றிக் கடன் வாங்கினாரோ, அதே பங்குகள் ஈடாகக் கடன்காரர் கைக்குப் போகும். அமெரிக்காவில் மத்திய பாங்கின் வட்டி 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. 2023 ஜூலையில் ஐந்தேகால் சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. ஏறி இறங்கும் வட்டிக்குக் கடன் பெற்ற நடுத்தரக் கம்பெனிகள் பலவற்றின் வட்டிச் செலவு திடீரெனப் பெருகியதற்கு இதுவே காரணம். வட்டியை அசலில் சேர்க்கும் பழக்கம் பரவியதும் அப்போதுதான்.

இரண்டாவது ஆபத்து, இக்கடன் கண்ணுக்குப் புலப்படாதது. சந்தையில் விற்பனையாகாத பொருளுக்கு விலை சொல்பவர் யார்? கடன் கொடுத்த நிர்வாகியே பெரும்பாலும் மதிப்பிடுகிறார். நோயாளியே தன் நாடியைப் பார்த்துச் சொல்வதைப் போன்றது இது. உடனடி ஆபத்து குறைவாகவே தோன்றுகிறது என்று சொன்ன நாணய நிதியமும், விவரங்கள் போதாமையைத் தனியே சுட்டிக்காட்டியிருந்தது. 2025 செப்டம்பரில், ஃபர்ஸ்ட் பிராண்ட்ஸ் என்ற அமெரிக்க மோட்டார் உறுப்புக் கம்பெனி நொடிப்பு மனுத் தாக்கல் செய்தது. அதன் கடன் பொறுப்புகள் ஆயிரம் கோடி டாலருக்கு மேற்பட்டவை. அக்கம்பெனி ஒரே விற்பனைப் பட்டியலைக் காட்டி ஒருவருக்கு மேற்பட்டவரிடம் கடன் பெற்றிருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. கொடுத்தவர் ஒவ்வொருவரும் தம் கணக்கை மட்டுமே கண்டார். மொத்தக் கணக்கைக் கண்டவர் எவரும் இல்லை.

மூன்றாவது ஆபத்து நம் நாட்டிலேயே வெளிப்பட்டது. ஒரு பாங்கின் கடனாளி தவணை கட்ட இயலாமல் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாங்கு ஒரு மாற்று முதலீட்டு நிதியில் பணம் போடுகிறது. அந்த நிதி அதே கடனாளிக்குக் கடன் கொடுக்கிறது. அவர் அதைக்கொண்டு பாங்கின் பழைய கடனை அடைக்கிறார். பாங்கின் பேரேட்டில் வாராக் கடன் மறைந்து, நல்ல முதலீடாகத் தோன்றுகிறது. பணம் ஒரு வட்டம் சுற்றி வந்ததே தவிர, கடன் தீரவில்லை. இதைத் தடுக்கவே ரிசர்வ் பாங்கு 2023ஆம் ஆண்டு டிசம்பரில் கடுமையான உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. அடுத்த மார்ச்சில் அதைச் சிறிது தளர்த்தியது. 2025 ஜூலையில் வெளியிட்ட விதிகளில், ஒரு நிதித் திட்டத்தில் ஒரு பாங்கு பத்துச் சதவீதத்துக்கு மேலும், ரிசர்வ் பாங்கின் மேற்பார்வையிலுள்ள எல்லா ஸ்தாபனங்களும் சேர்ந்து இருபது சதவீதத்துக்கு மேலும் போடக்கூடாது என்று வரையறுத்தது. 2026 ஜனவரி முதல் தேதி அவ்விதிகளுக்குக் கெடுவாக நிர்ணயிக்கப்பட்டது.

இவற்றிலிருந்து நாம் அறியும் உண்மை ஒன்று உண்டு. கடனின் ஆபத்து இடம் மாறுகிறது, மறைவதில்லை. பாங்கின் பேரேட்டிலிருந்து நீங்கியது நிதியின் பேரேட்டுக்குப் போகிறது. நிதிக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று விசாரித்தால், சில வேளைகளில் மீண்டும் அதே பாங்கின் வாசலுக்கே வந்து சேருகிறோம். ஆகவே தனியார் நிதிக் கடன் நல்லதா, தீயதா என்று கேட்பதில் பயனில்லை. நஷ்டம் வந்தால் தாங்கப்போகிறவர் யார், அவர் அதை அறிந்திருக்கிறாரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இக்கேள்வி இப்போது சாமானியரையும் நெருங்கி வருகிறது. அமெரிக்காவில் சாதாரணச் சேமிப்பாளருக்கும் இத்தகைய நிதிகள் சில திறந்துவிடப்பட்டுள்ளன. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பணத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறார்கள். ஆனால் நிதியின் மொத்தத்தில் ஐந்து சதவீதம் வரைதான் ஒரு தடவை திருப்பித் தருவது வழக்கம். எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்டால் பெரும்பாலோர் காத்து நிற்க வேண்டும். தொழிலாளரின் ஓய்வூதியக் கணக்குகளையும் இத்தகைய முதலீடுகளுக்குத் திறப்பதற்கான உத்தரவொன்றில் அந்நாட்டு ஜனாதிபதி 2025 ஆகஸ்டில் கையொப்பமிட்டார். நம் நாட்டில் ஒரு கோடி ரூபாய் என்ற வாயில்படி உயரமாகவே இருக்கிறது. அதைத் தாழ்த்த வேண்டும் என்ற கோரிக்கை எழுமானால் நாம் அவசரப்படலாகாது. அந்தப் படி சாமானியரை அவமதிப்பதற்காக வைத்ததன்று. அவரைக் காப்பதற்காக வைத்தது.

கடன் பெற நினைக்கும் நடுத்தரத் தொழிலதிபருக்கும் நாம் சொல்லத்தக்கது சிறிது உண்டு. எத்தனை விரைவில் பணம் வரும் என்பதைக் காட்டிலும், தொழில் ஓராண்டு சுணங்கினால் பத்திரத்தில் எழுதியுள்ளபடி என்ன நேரும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அசலோடு சேரும் வட்டியை முதிர்வு நாள் வரை தம் கையாலேயே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இயந்திரத்துக்கு வாங்கும் கடன் வேறு, பழைய கடனை அடைக்க வாங்கும் கடன் வேறு. முன்னது தன் வட்டியைத் தானே சம்பாதிக்கக்கூடும். பின்னது நாட்களை மட்டுமே வாங்கித் தருகிறது.

அரசாங்கம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. நம் அதிபர் கடன் தேடி அலைவதற்குப் பாதிக் காரணம், பிறர் அவருக்குத் தர வேண்டிய பணம் வராமைதான். விற்பனைப் பட்டியலை ஏலத்தில் வைத்து உடனடியாகப் பணம் பெற உதவும் 'டிரெட்ஸ்' என்ற மின்னணு ஏற்பாடு 2017 முதல் இயங்குகிறது. இதில் நடுத்தரத் தொழிலுக்கும் இடமுண்டு. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனையுள்ள கம்பெனிகள் அதில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2024 நவம்பரில் உத்தரவாயிற்று. பதிவு செய்வதோடு பெரிய கம்பெனிகள் நின்றுவிடாமல், பட்டியல்களை உரிய காலத்தில் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். நாற்பத்தைந்து நாள் பாதுகாப்பை நடுத்தரத் தொழிலுக்கும் விரிவாக்குவது பற்றி ஆலோசிப்பதும் தகும். செய்த வேலைக்குக் கூலி நாளில் கிடைத்தால், பதினாறு சதவீத வட்டிக்குப் பணம் தேட வேண்டிய அவசியம் பலருக்குப் பெரிதும் குறையும்.

நம் பாங்குகள் இன்று தேறிவிட்டன. 2025 மார்ச்சில் அவற்றின் மொத்த வாராக் கடன் நூற்றுக்கு இரண்டேகால் ரூபாய் அளவுக்குத் தாழ்ந்தது. உடல் தேறியவர் மீண்டும் நடுத்தரத் தொழிலின் பக்கம் திரும்பலாம். அவர் தயங்கும் இடத்தில் தனியார் நிதியும் தன் கடமையைச் செய்யட்டும். கதவுகள் பல இருப்பது நல்லதே. ஆனால் ஒவ்வொரு கதவின் மேலும் ஒரு விளக்கு எரிய வேண்டும். உள்ளே போகிறவருக்கும், உள்ளிருப்போருக்குப் பணம் கொடுத்துவிட்டு வெளியே காத்திருப்பவருக்கும் அந்த வெளிச்சம் தேவை.